கடவுளை நம்பாமல் ஒருவர் நல்லவராக இருக்க முடியுமா?

கேள்வி போதகர்களுக்கு என்பதால், காரைக்குடியில் சபை நடத்துகிற நான் சொல்கிறேன்: முடியும். நியாயப்பிரமாணம், அதாவது மோசே வழியாக யூதருக்குக் கொடுக்கப்பட்ட சட்டம், இல்லாத புறஜாதியாரும் (யூதரல்லாதவர்களும்) அதன்படி நடக்கிறார்கள், அது அவர்கள் இருதயத்தில் எழுதியிருக்கிறது என்று பைபிளில் ரோமர் 2:14-15-இல் அப்போஸ்தலன் பவுலே ஒத்துக்கொள்கிறார். ஒருமுறை காணிக்கையில் 500 ரூபாய் குறைந்தது, எடுத்தவர் ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் உட்காருகிறவர். அதே வாரம், கோயிலுக்கும் போகாத சர்ச்சுக்கும் வராத எதிர்வீட்டு ஆச்சி, என் மனைவிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, தூக்குச்சட்டியில் கஞ்சியும் மேலே ஒரு கிண்ணத்தில் துவையலும் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டு, கூப்பிடக்கூட இல்லாமல் போய்விட்டார். அப்புறம் எதற்குச் சபை? நல்லவர்களைத் தயாரிக்க என்று நானும் முதலில் நினைத்தேன். பணம் எடுத்தவர் அடுத்த ஞாயிறும் வந்தார், கடைசி வரிசையில். ஸ்தோத்திரம் சொல்லிக் கை கொடுத்தேன், அவர் கை நடுங்கியது.