பழைய மின்சூளை வாங்கினேன். இரண்டு மணி நேரத்தில் 1000 டிகிரி ஏறுகிறது, பச்சை (இன்னும் சுடாத) மண்பாத்திரங்கள் வெடிக்கின்றன. எங்கே கோளாறு?

வயதான சூளை மெதுவாகத்தான் ஏறும். சூளையைச் சூடாக்கும் எலிமென்ட்டான காந்தல் (Kanthal) உலோகக் கம்பி ஓட ஓட ரெசிஸ்டன்ஸ் கூடும், ஆம்பியர் குறையும், கடைசியில் 1200-ஐத் தொடவே திணறும். ஆகவே உங்கள் சூளையின் வேகத்துக்குக் காரணம் கம்பியின் வயது இல்லை. மின்சாரத்தை அளந்து விடும் கட்டுப்பாடு இல்லாமலோ பழுதாகியோ இருக்கலாம். யாரோ கம்பியையோ வயரிங்கையோ மாற்றிவிட்டதால் சூளை கூடுதல் வாட் இழுக்கலாம். அல்லது காட்டப்படும் எண்ணே தவறாக இருக்கலாம். இந்த வரிசையிலேயே பாருங்கள்.

முதலில் கட்டுப்பாடு. 1250 டிகிரிக்குச் செய்த சூளையில், அந்த உச்சியில் சுவர் வழியே கசியும் வெப்பத்தை ஈடுகட்டும் அளவுக்கு வாட் வைத்திருப்பார்கள். 100 டிகிரியில் கசிவு சொற்பம். அதே வாட்டை அங்கே முழுதாக விட்டால் மணிக்கு 500 டிகிரி பாய்வது சூளையின் இயல்புதான். முன்பக்கம் இருப்பது வெறும் ஆன்-ஆஃப் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் என்றால், நீங்கள் 1000 என்று வைத்ததும் அது 1000 வரை நிற்காமல்தான் ஓடும். அதற்கு வேகம் என்ற ஒன்றே தெரியாது. செகண்ட் ஹேண்ட் சூளை வாங்குபவர்கள் பலர் இதைத்தான் பழுது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள்.

மின்சாரத்தை விட்டு விட்டுப் பாய்ச்சும் சிம்மர்ஸ்டாட் குமிழ் இருந்தால், அதைக் குறைந்த நிலையில் வைத்து, வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட் அளக்கும் க்ளாம்ப் மீட்டரை ஒரே ஒரு வயரில் மாட்டுங்கள். கரண்ட் சில நொடி ஓடி, பிறகு நின்று, மறுபடி ஓட வேண்டும். நிற்காமல் ஓடினால் உள்ளே கான்டாக்ட் ஒட்டிவிட்டது, மாற்றத்தான் வேண்டும். கன்ட்ரோலர் சொல்வதைக் கேட்டு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டருக்கும் (காந்த ஸ்விட்ச்) எஸ்எஸ்ஆருக்கும் (சாலிட் ஸ்டேட் ரிலே, எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) சோதனை இதேதான்: கன்ட்ரோலரின் அவுட்புட் விளக்கு அணைந்திருக்கும்போது ஆம்பியர் பூஜ்யமாக இருக்க வேண்டும். எஸ்எஸ்ஆர் பழுதானால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். அணைந்திருக்கும்போதும் அதன் வழியே க்ளாம்ப் மீட்டரில் தெரியாத அளவு சிறிது கரண்ட் கசியும் என்பதால், எம்சிபியை (சர்க்யூட் பிரேக்கரை) இறக்காமல் எலிமென்ட் பக்கம் கை வைக்காதீர்கள்.

அடுத்தது வாட். பெயர்ப்பலகையில் 230 வோல்ட், 6 கிலோவாட் என்றிருந்தால் முழு ஓட்டத்தில் 26 ஆம்பியர் வர வேண்டும். எம்சிபியை இறக்கி, எலிமென்ட் வயரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் மொத்தம் 8.8 ஓம் காட்ட வேண்டும். மீட்டர் கம்பிகளின் சொந்த ரெசிஸ்டன்ஸைக் கழித்துக்கொள்ளுங்கள், சின்ன எண்ணில் அரை ஓம் கூடப் பெரிய பிழை. காந்தல் சூடேறும்போது ரெசிஸ்டன்ஸ் 4 சதவீதம் அளவே கூடுவதால், ஆறிய நிலையில் எடுத்த அளவையே நம்பலாம்.

ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பலகையில் உள்ள வோல்ட்டை மறுபடி படியுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த சூளைகளில் 208 வோல்ட்டுக்குச் செய்தவை உண்டு. வாட் என்பது வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 208-க்கான 6 கிலோவாட் சூளை நம் 230-ல் 7.3 கிலோவாட் இழுக்கும், இரவில் லைன் 250-க்கு ஏறினால் 8.7 வரை போகும். மூன்று பேஸ் சூளையில் இதைவிட மோசமான தவறு நடக்கும். ஸ்டார் இணைப்புக்காக, எலிமென்ட்டுக்கு 230 வோல்ட் என்று கணக்கிட்டதை யாராவது டெல்டாவில் கட்டிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 400 வோல்ட் போகும். வாட் மூன்று மடங்கு. அப்படி இருந்தால் ஒருமுறைகூட ஓட்டாதீர்கள்.

கம்பி மாற்றப்பட்ட சூளை என்றால் ஒரு காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறிய காந்தல் கம்பியில் காந்தம் ஒட்டும், நைக்ரோமில் (நிக்கல்-குரோமியக் கலவைக் கம்பி) ஒட்டாது. காயில் சுற்றும் கடையில் அதே தடிமன், அதே நீளத்துக்கு நைக்ரோம் போட்டுத் தந்திருந்தால் ரெசிஸ்டன்ஸ் கால் பங்கு குறைந்து, வாட் மூன்றில் ஒரு பங்கு ஏறும். அதோடு நைக்ரோம் கம்பியின் தாங்கும் எல்லையே 1200 டிகிரி அளவுதான். ஸ்டோன்வேர் (உயர் வெப்பத்தில் சுடும் கெட்டிப் பாத்திரம்) சுட அது உதவாது. அறுந்த எலிமென்ட்டை வெட்டி முறுக்கிச் சேர்த்திருந்தாலும் நீளம் குறைந்து வாட் கூடும்.

எல்லாம் சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லையா? வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியின் முனை சுவரைத் தாண்டி 25 முதல் 40 மில்லிமீட்டர் உள்ளே நீட்டியிருக்க வேண்டும். செங்கல்லுக்குள் பதுங்கியிருந்தால் குறைவாகக் காட்டும், கன்ட்ரோலர் அந்தப் பொய்யைத் துரத்தி அதிகமாகச் சுடும். எலிமென்ட்டை உரசி நின்றால் நேர்மாறு. எஸ் வகை தெர்மோகப்பிளைக் கே வகைக்கு அமைத்த கன்ட்ரோலரில் மாட்டினால், சூளை 1000 டிகிரியில் இருக்கும்போது திரையில் 250, 260 என்றுதான் தெரியும். உறுதி செய்ய, குறிப்பிட்ட வெப்பத்தில் வளைந்து சாயும் சிறு மண் கூம்புகளான 06, 05, 04 கோன்கள் மூன்றையும் தட்டில் வைத்துச் சுடுங்கள். சுமார் 1000 டிகிரிக்கான 06 அசையாமல் நின்றாலோ, 1060-ஐ ஒட்டிய 04 கூடப் படுத்துவிட்டாலோ திரை சொல்லும் 1000-ஐ நம்ப முடியாது.

பாத்திரம் வெடிப்பது ஆரம்பத்திலேயே, 100 டிகிரியை ஒட்டி. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற நேரம் கிடைக்காததுதான் காரணம். பிஸ்குக்கு (மெருகு பூசுமுன் செய்யும் முதல் சூடு) மணிக்கு 60 டிகிரி வீதம் 90 வரை ஏற்றி, இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள், தடித்த வேலை என்றால் நான்கு. பிறகு 600 வரை மணிக்கு 80. இந்த இடைவெளியில்தான் மண்ணோடு பிணைந்த நீர் போகிறது, 573-ல் குவார்ட்ஸ் உருமாறுகிறது. அங்கிருந்து 1000 வரை 120 வீதம். மொத்தம் ஏறக்குறைய 13 மணி நேரம். இரண்டு மணி நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதைத் தானாகச் செய்ய, ரேம்ப்-சோக் (வைத்த வேகத்தில் ஏற்றி, வைத்த நேரம் நிறுத்தும்) வசதியுள்ள பிஐடி கன்ட்ரோலர் (தேவைக்கேற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பது) வாங்குவதே சரி. 26 ஆம்பியருக்கு 40 அல்லது 60 ஆம்பியர் எஸ்எஸ்ஆர், 30 வாட் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்க்கோடு. எஸ்எஸ்ஆருக்கு சைக்கிள் நேரம் (ஒரு ஆன்-ஆஃப் சுற்றின் நேரம்) 2 நொடி போதும். கான்டாக்டரையே தொடர்ந்து பயன்படுத்தினால் 20 நொடிக்குக் குறைக்காதீர்கள், இல்லையென்றால் கான்டாக்ட் தீய்ந்து ஒட்டும். எஸ்எஸ்ஆர் ஆன் நிலையில் சிக்கினால் துண்டிக்க, தனி தெர்மோகப்பிளும் தனி ஹை-லிமிட் அலாரமும் இயக்கும் கான்டாக்டர் ஒன்று அதே லைனில் இருக்கட்டும். சிக்கனம் பார்க்கிற பலர் விட்டுவிடும் பாகம் இது.

அதுவரை இருக்கும் ஆன்-ஆஃப் கன்ட்ரோலரிலேயே ஓட்டலாம். தொடக்கத்தில் அது வைத்த எண்ணைத் தாண்டிப் பாயும் என்பதால் 90 வைக்காமல் 60-ல் தொடங்கி, மூடியை ஒரு விரல் திறந்து வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பின் 15 நிமிடத்துக்கு ஒருமுறை 20 டிகிரி கூட்டினால் மணிக்கு 80 கிடைக்கும். 200-ஐத் தாண்டியதும் மூடியை மூடிவிடலாம். சூளையைப் பாதி காலியாக ஓட்ட வேண்டாம். ஷெல்ஃபும் தூண்களும் நிறைய இருந்தால் ஏறும் வேகம் தானாகவே மட்டுப்படும்.