அரைப் புள்ளி

அன்புள்ள ஐயா,

எங்கள் சதுரங்கச் சங்கப் போட்டியில் சென்ற வாரம் நான் வெள்ளைக் காய்களுடன் ஆடிய ஆட்டத்தின் குறிப்புத்தாளை இணைத்துள்ளேன். ராஜாக்களும் யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய யானை முடிவாட்டத்தில் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் வெல்ல முடியவில்லை. கடைசியில் எதிராளி நடுவரை அழைத்து, ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டது என்று டிரா (ஆளுக்கு அரைப் புள்ளி) வாங்கிக்கொண்டார். விதியைக் காட்டித் தப்பிப்பது முறைதானா? நான் எங்கே தவறினேன்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

விதியை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரே நிலை, அடுத்து நகர்த்த வேண்டியவரும் மாறாமல், மூன்றாம் தடவை வரப்போகிறதென்றால், நகர்த்த வேண்டியவர் அந்த நகர்த்தலைப் பலகையில் வைக்காமல் தாளில் மட்டும் எழுதி நடுவரிடம் டிரா கோரலாம். மூன்று தடவைகளும் அடுத்தடுத்து வரவேண்டியதில்லை. அவர் செய்தது இதைத்தான். இதில் முறைகேடு ஒன்றுமில்லை.

52ஆவது நகர்த்தலில் சிப்பாயை இ6 (e6) கட்டத்துக்குத் தள்ளியதைத் தவறென்று அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். ஆட்டம் அதற்கு முன்பே டிரா நிலைக்கு வந்துவிட்டது. சிப்பாய் ராணியாக வேண்டிய இ8 கட்டத்தில் கறுப்பு ராஜாவே நிற்கிறது. கறுப்பு யானையோ ஏ6இல் (a6) இருந்துகொண்டு, உங்கள் ராஜாவை ஆறாம் வரிசைக்குள் நுழையவிடாமல் தடுக்கிறது. வேறு வழியின்றி நீங்கள் இ6 ஆடியதும் அந்த யானை ஏ1க்கு இறங்கிப் பின்னாலிருந்து செக் வைக்கத் தொடங்குகிறது. உங்கள் ராஜா ஒதுங்கியிருக்கக்கூடிய இ6இல் இப்போது உங்கள் சிப்பாயே நிற்கிறது. பிரெஞ்சு சதுரங்க வீரர் பிலிடோர் (அவர் இசையமைப்பாளரும்கூட) 1777இல் விளக்கிய தற்காப்பு இது. உங்கள் எதிராளி அதைப் படித்து வந்தாரோ, பலகையின் முன் தானே கண்டுகொண்டாரோ, அந்த அரைப் புள்ளி அவர் உழைத்துப் பெற்றது.

என் கண்ணில் பட்ட தவறு 38ஆவது நகர்த்தலில் இருக்கிறது. உங்கள் பி சிப்பாயைத் தள்ளி அவருடைய ஏ சிப்பாயோடு வெட்டி மாற்றிக்கொண்டீர்கள். ஆட்டத்தைச் சுருக்கினால் வெற்றி எளிதாகும் என்று எண்ணியிருப்பீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் முன்னிலையில் இருப்பவர் பெரிய காய்களை மாற்றலாம், சிப்பாய்களை மாற்றத் தயங்க வேண்டும். பலகையின் இரு பக்கமும் சிப்பாய்கள் இருந்தவரை அவருடைய யானைக்கு இரண்டு காவல் வேலைகள் இருந்தன. அந்த மாற்றத்துக்குப் பிறகு ஒன்றே மிஞ்சியது. மாற்றாமலிருந்தால் வென்றே இருப்பீர்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் அவர் இன்னும் கடினமான நகர்த்தல்களைத் தேடியிருக்க வேண்டும். இ6 ஆடுவதற்கு ஒன்பது நிமிடம் யோசித்திருக்கிறீர்கள். தாளின் ஓரத்தில் 37க்கு எதிரேயும் 38க்கு எதிரேயும் மிச்ச நேரம் 41 நிமிடம் என்றே எழுதியிருக்கிறீர்கள்.