இரண்டு பட்டை சேர்க்குமுன் ஓர் உருண்டை மாவு

கேள்வி: குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். ஒற்றை அச்சு டிரெய்லர் ஒன்றின் மேல் கூடு கட்டி, படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கேரவன் ஆக்கியிருக்கிறோம். ஜீப்பில் இழுத்துக்கொண்டு ஏலகிரிக்கு இரண்டு தடவை போய் வந்தோம். திரும்பி வந்து பார்த்தால் பின்பக்க அலமாரியின் கீல் திருகோடு பிடுங்கிக் கிடக்கிறது. சிங்க் குழாயும் கழன்றுவிட்டது. பட்டறையில், அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளைக் காட்டி, "பட்டை பத்தல, இன்னும் ரெண்டு சேர்த்துடலாம்" என்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பட்டறையில் சொல்வது லோடு வண்டிக்குச் சரி. அங்கே பட்டை படுத்துப்போனால் சேர்ப்பார்கள், மூட்டைகளுக்கு அதிர்ச்சி ஒரு பொருட்டில்லை. உங்கள் வண்டிக்குள் இருப்பது பிளைவுட்டும் கீலும் குழாயும். ஒரே தடிமனில் 5 பட்டை உள்ள அடுக்கில் 2 சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிடும். பட்டை வளைந்து வாங்க வேண்டிய அடியைக் கூடு வாங்கும்.

பட்டை உண்மையிலேயே பத்தவில்லையா, இல்லை ஏற்கெனவே விறைப்பா என்று முதலில் தெரிய வேண்டும். அதற்குச் சப்பாத்தி மாவு போதும். அச்சுக்கு நேர் மேலே, சேஸிஸின் அடியில் ரப்பர் கட்டை இருக்கும். அதன் அடிமுகத்தில், அச்சைப் பார்க்கும் பக்கம், எலுமிச்சை அளவு மாவை அப்பிவிட்டு, இரண்டு பக்கமும் அப்படியே செய்து, வழக்கமான சாமான்களோடு வேகத்தடையும் பள்ளமும் உள்ள சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். மாவு அப்பளமாகியிருந்தால் அச்சு மேலே வந்து மோதுகிறது: பட்டை தளர்ந்திருக்கிறது, அல்லது பாரம் அதிகம். உருண்டை உருண்டையாகவே இருந்தால் பட்டைக்கு வலு போதும். துள்ளல்தான் உங்கள் அலமாரியைப் பிடுங்கியது. அப்போது பட்டை சேர்ப்பது நோயை வளர்ப்பதாகும்.

சரி, அடுத்து எடை மேடை. லாரிகள் எடை போடும் மேடை நெடுஞ்சாலை ஓரம் நிறைய இருக்கிறது. தொட்டியில் தண்ணீர், கேஸ் சிலிண்டர், பாத்திரம் எல்லாம் பயணத்துக்குப் போவதுபோல் ஏற்றிக்கொண்டு போங்கள். ஜீப்பில் மாட்டியபடி டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க ஒரு எடை. அப்புறம் கழற்றி, முன்கால் உட்பட முழு டிரெய்லரும் மேடையில் நிற்க இன்னொரு எடை. முன்னது 1,100 கிலோ, பின்னது 1,240 என்று வந்தால், வித்தியாசமான 140 கிலோ கொக்கியில் உட்காருகிறது. மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருப்பது நல்லது. ஜீப்பின் கொக்கி அதைத் தாங்குமா என்றும் பாருங்கள். குறைந்தால் டிரெய்லர் பின்னால் வாலாட்டும். இடது சக்கரம், வலது சக்கரம் தனித்தனியாகவும் போட்டுப் பாருங்கள். 200 லிட்டர் தொட்டி ஒரு பக்கம் இருந்தால் அந்த 200 கிலோவில் பெரும்பகுதியை அந்தப் பக்கத்துப் பட்டைதான் சுமக்கும். அலமாரி பின்பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒற்றை அச்சு டிரெய்லர் கொக்கியை மையமாக வைத்து ஆடுவதால் கடைசிப் பக்கம்தான் அதிகம் துள்ளும். பாத்திரம், பேட்டரி, தண்ணீர் மூன்றையும் அச்சுக்கு அருகில் கொண்டுவந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வண்டியைப் பட்டறையில் தூக்கும்போது, பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள் போல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். பள்ளிகொண்டா பக்கம் ஒரு டிரெய்லரில் நான் கழற்றியபோது, வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை புளியங்கொட்டை மாதிரி நீண்டிருந்தது. ஓட்டைக்குள் போல்ட்டைச் சுற்றி இருக்கும் உறையான நைலான் புஷ் தூளாகக் கொட்டியது. வெண்கலப் புஷ்ஷும் கிரீஸ் போகும் போல்ட்டும் போட்டதும் கடகட சத்தம் நின்றது. செலவு குறைவான, பலன் அதிகமான மாற்றம் இதுதான் என்பேன்.

மாவு உருண்டையாகவே வந்தால் ஷாக் அப்சார்பர் மாட்டுங்கள். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதிலேயே துள்ளல் கொஞ்சம் அடங்கும்; ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுக்கு அது போதாது. அச்சுக்குழாயில் வெல்டிங் வைக்க விடாதீர்கள், சூடுபட்ட இடத்தில் குழாய் விரிசல் விடலாம். பட்டையை அச்சோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டின் தட்டோடு சேரும் பிராக்கெட் செய்யச் சொல்லுங்கள். ஏற்றிய நிலையில் ஷாக் கம்பி ஏறக்குறைய பாதி வெளியே இருக்க வேண்டும்.

பட்டைக்குப் பதில் குழாய்க்குள் இருக்கும் ரப்பரே அதிர்ச்சியை வாங்கும் ரப்பர் டார்ஷன் அச்சு அருமையாக ஓடும், கிரீஸ் வேலையே இல்லை. ஆனால் உங்கள் எடைக்கென்றே வாங்க வேண்டும், ரப்பர் தளர்ந்தால் அச்சையே மாற்ற வேண்டும். கீலுக்காக அவ்வளவு செலவு தேவையில்லை. உயரம் கிடைக்கட்டும் என்று அச்சுக்கு மேலே பட்டையை மாற்றி வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கூடு மேலேறி, வளைவில் சாயும்.

என்ன மாற்றினாலும் ஆர்சி புத்தகத்தில் உள்ள எடை வரம்பு கூடாது. டயர் காற்றைக் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். எடைக்குத் தேவையானதைவிட ஏற்றி அடித்தாலும் துள்ளும்.

வேலை முடிந்து 100 கிலோமீட்டர் ஓடியதும், சக்கரம் தரையில் இருக்க, சாமான் ஏற்றிய நிலையில் யூ போல்ட்களை, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரென்ச்சால் மறுபடி இறுக்குங்கள். பாகங்கள் படிந்ததும் அவை தளர்ந்திருக்கலாம்.