படகில் ‘கண்ணகி’: மூன்று சுழி ண ஏன் அடைத்துக்கொள்கிறது?

கேள்வி: கடலூர் முதுநகரில் வினைல் ஸ்டிக்கர் வெட்டிக் கொடுக்கிறோம். ஒரு ஃபைபர் படகுக்குக் ‘கண்ணகி’ என்ற பெயரை 6 அங்குல உயரத்தில் தடிமனாக, ஒடுக்கி, சாய்த்து ஒட்டினோம். 50 அடி தள்ளி நின்றால் ‘ண்ண’ கறுப்புத் திட்டாகத் தெரிகிறது. எழுத்தைப் பெரிதாக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 10 அடி தூரத்துக்கு 1 அங்குலம் என்பது பலகை எழுத்துக்கு வழக்கமான கணக்கு. 50 அடிக்கு 5 அங்குலம் போதும். கோளாறு ஒடுக்கிய விதத்தில் இருக்கிறது.

கோரல் (CorelDRAW) வரைகலை மென்பொருளில் எழுத்தைப் பிடித்து அகலத்தை 65 சதவீதமாக்கினால் 24 மி.மீ. நெடுங்கோடு 16 மி.மீ. ஆகிவிடும். படுக்கைக் கோடோ 24-லேயே நிற்கும். மெலிந்ததைச் சரிக்கட்ட 8 மி.மீ. அவுட்லைன் கொடுத்திருப்பீர்கள். அது வெளியே 4, உள்ளே 4 என்று இரு பக்கமும் வளரும். சுழிக்குள் 20 மி.மீ. இருந்த வெளி ஒடுக்கியதில் 13 ஆகி, அவுட்லைனில் 5 ஆகிவிட்டது. மூன்று சுழியும் அடைக்காமல் என்ன செய்யும்?

ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்துருவை எடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழில் அகலத்தையும் தடிமனையும் தனித்தனியே மாற்றலாம், விலையும் இல்லை. ஆகத் தடித்ததை விட்டு அதற்கு ஒருபடி கீழே நில்லுங்கள். பிறகு கர்வாக (கோடுகளைத் திருத்தக்கூடிய வடிவமாக) மாற்றி, ‘ண’வின் உள்கோடுகளை மட்டும் ஐந்தில் ஒரு பங்கு மெலியுங்கள். சுழியின் வெளி, கோட்டின் தடிமனில் பாதிக்குக் குறையக் கூடாது. உண்மையில் நாலெழுத்துப் பெயருக்கு, அத்தனை நீளப் படகில், ஒடுக்கமே தேவையில்லை என்பது எங்கள் எண்ணம். இடம் இல்லாத பேருந்துப் பலகைக்கும் செய்தித்தாள் தலைப்புக்கும்தான் அது.

சாய்வு 8 முதல் 10 டிகிரி போதும். ரோமன் எழுத்தில் இட்டாலிக்குக்கென்று தனி வடிவங்கள் உண்டு. 1500 வாக்கில் வெனிஸில் தொடங்கிய வழக்கம் அது. தமிழில் நாம் செய்வது பெரும்பாலும் வெறும் சாய்ப்பு. சாய்த்ததும் வளைவுகள் வலது மேலும் இடது கீழும் பருக்கும், மற்ற இரு மூலையும் இளைக்கும். அதைக் கையால் திருத்துங்கள். புள்ளியும் முட்டை வடிவாகி, அடுத்த ‘ண’வின் தலைக்கு நகர்ந்துவிடும். வட்டமாக்கி 4 மி.மீ. இடப்பக்கம் இழுங்கள்.

படகின் வலப்பக்கத்தில் இந்தச் சாய்வு அணியத்தை (முன்முனையை) நோக்கி ஓடுவதுபோல் இருக்கும். இடப்பக்கத்தில் அதே ஸ்டிக்கர் அமரத்தை (பின்முனையை) நோக்கிப் பின்வாங்கும். அந்தப் பக்கத்துக்கு எதிர்த்திசையில் 8 டிகிரி சாய்த்துத் தனியாக வெட்டுங்கள். புள்ளித் திருத்தமும் எதிர்ப்பக்கம் மாறும். கண்ணாடிபோல் திருப்பிவிடாதீர்கள், எழுத்தே இடவலம் மாறிவிடும்.

பதிவு எண்ணை மட்டும் சாய்க்காமல், ஒடுக்காமல் நேராகவே விடுங்கள்.