பக்கிங்காம் கால்வாயில் சிறு படகு: காரைக்குடி நண்பர்களுக்குப் பதில்கள்

கடலோரமாக ஓடும் பக்கிங்காம் கால்வாயில் துடுப்புப் போட்ட கதையைச் சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்தவரை சொல்கிறேன்.

கானாடுகாத்தான் தம்பி: அண்ணே, சென்னையிலேயே படகை இறக்கலாமா?

வேண்டாம் தம்பி. நகருக்குள் அது சாக்கடை. பறக்கும் ரயிலின் தூண்கள் வேறு கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. முட்டுக்காட்டுக்குத் தெற்கே பாருங்கள்.

காரைக்குடி நண்பர்: எத்தனை மணிக்குக் கிளம்புவது?

கடிகாரத்தை விடுங்கள், ஓதத்தை, அதாவது கடல் நீர் ஏறி இறங்குவதைப் பாருங்கள். முன்பு கால்வாயின் குறுக்கே இருந்த லாக் கதவுகள் (நீர்மட்டத்தைக் காக்கும் மதகுகள்) தண்ணீரைத் தேக்கி வைத்தன. இப்போது முகத்துவாரம் திறந்திருக்கும் இடங்களில் கடல் வைத்ததுதான் சட்டம். சுமார் ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் வற்றும். தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். வற்றும்போது மாட்டினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். இறங்கித் தள்ளலாம் என்று காலை வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும், புதைந்திருக்கும் கிளிஞ்சல் பாதத்தைக் கிழிக்கும். படகை விட்டு இறங்காதீர்கள். ஏற்றத்திலோ தாழ்வான பாலத்தடியில் தலை இடிக்கும். குறுக்கே வலை கட்டியிருந்தால் நின்று, மீனவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். அது அவர்கள் பிழைப்பு.

தேவகோட்டை ஆச்சி: பேரனுக்கு நீச்சல் தெரியாதே?

ஆச்சி, முதலில் முட்டுக்காடு படகுத்துறையில் லைஃப் ஜாக்கெட் போட்டு ஏற்றிவிடுங்கள். கால்வாய் அப்புறம்.

பள்ளத்தூர் நண்பர்: வெள்ளைக்காரன் கொடுத்த கொடையை நாம் பாழாக்கிவிட்டோமே?

பாழாக்கியது உண்மை. கொடை என்பதை ஏற்க மாட்டேன். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டியது சரக்குப் போக்குவரத்துக்காக. கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த சுமார் 8 கிலோமீட்டர், 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் பசித்தவர்கள் வெட்டியது. 1877இல் பஞ்ச வேலைக்கு ஆணுக்கு ஒரு நாள் கூலியை ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று குறைத்தார்கள். மண் சுமந்தது அவர்கள், பெயர் கவர்னர் பக்கிங்காமுக்கு.

அதே நண்பர்: பஞ்சத்தில் வேலையாவது கொடுத்தார்களே?

ஒரு பவுண்டு தானியத்தில் நாளெல்லாம் மண் வெட்ட முடியுமா, ஐயா? அதே பஞ்சத்தில் தானியம் கப்பலேறிப் போனது. அந்த உழைப்பை மதித்தாவது தூர் வார வேண்டும். 2008இல் தேசிய நீர்வழி 4இல் இதைச் சேர்த்தும் சரக்குப் படகு வந்தபாடில்லை.

கோட்டையூர் தம்பி: நம்ம கண்மாய்களில் இப்படிப் போகலாமா?

முடியாது. நிறைந்த தண்ணீர் கலுங்கு (உபரி நீர் வழியும் இடம்) வழியாக அடுத்த கண்மாய்க்கு இறங்கும். மற்ற நாளில் வரத்துக்கால் காய்ந்து கிடக்கும்.

இன்னொருவர்: காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் சரியா?

மேலே எழுதியதைப் படியுங்கள். ஓதம்!

புதுவயல் நண்பர்: கல்பாக்கம் தாண்டி மரக்காணம் வரை?

அணுமின் நிலையப் பகுதியில் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். அதற்குத் தெற்கே கடப்பாக்கத்தில் இறக்கினால் ஆலம்பரைக் கோட்டையைப் பார்த்துவிட்டு மரக்காணம் உப்பளம் பக்கம் போகலாம். அங்கேயும் சேற்றில் இறங்காதீர்கள்.