நாற்பது குப்பியும் ஒரு மாங்காயும்

வணக்கம் ஐயா. போன மாதம் ழான்-குளோத் எலேனா என்ற பிரெஞ்சு சென்ட் கலைஞரைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். நான் வீட்டிலிருந்தே அத்தர் கலந்து விற்கிறேன். நாற்பது குப்பி எண்ணெய் சேர்ந்துவிட்டது, எதைக் கலந்தாலும் கடைசியில் சோப்புக்கட்டி வாசனைதான். அவரோ நாலைந்து பொருளை வைத்தே பேர் வாங்கிவிட்டாராம். அது சோம்பேறித்தனம் இல்லையா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள தங்கச்சிக்கு,

சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சென்ட்டுக்கே பேர்போன பிரான்சின் கிராஸ் ஊரில் 1947இல் பிறந்தவர், மீசை முளைக்கும் வயதிலேயே வாசனை எண்ணெய் ஆலையில் வேலைக்குப் போனவர். 1976இல் வான் கிளீஃப் அண்ட் ஆர்ப்பெல்ஸ் நகைக்கடைக்குச் செய்த 'ஃபர்ஸ்ட்' கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி, பூ மேல் பூவாக அடைத்தது. அடைத்துப் பார்த்து அலுத்த பிறகுதான் மனிதர் குறைக்க ஆரம்பித்தார். ஆயிரக்கணக்கில் வாசனைச் சரக்கு கிடைக்கும் தொழிலில், தன் மொத்தக் கையிருப்பையே இருநூறு சொச்சத்தோடு நிறுத்திக்கொண்டார்.

1992இல் புல்காரி என்ற நகை நிறுவனத்துக்குச் செய்த கிரீன் டீ சென்ட்டைப் பாருங்கள். நீங்களும் நானும் என்ன செய்வோம்? தேயிலையைக் காய்ச்சி வடிக்கப் பார்ப்போம். அவர் தேயிலைப் பக்கமே போகாமல், மெல்லிய மல்லிகைச் சாயல் உள்ள ஹெடியோன், வயலட் பூ வாசனை தரும் அயோனோன் என்ற இரண்டு வாசனை ரசாயனங்களைச் சேர்த்தார், டீ வந்துவிட்டது. இரண்டிலும் தனியாக டீ கிடையாது, மூக்குதான் அதைக் கட்டிக்கொள்கிறது. 2004இல் எர்மெஸ் நிறுவனத்தில் சேர்ந்தவர், நைல் நதியின் பேரில் ஒரு சென்ட் செய்ய எகிப்தின் அஸ்வானுக்குப் போய், மல்லிகை, தாமரை என்று தேடி அலைந்து, கடைசியில் மரத்தில் தொங்கிய பச்சை மாங்காயில் வந்து நின்றார். 2005இல் வந்தது அந்தச் சென்ட். காம்பைக் கிள்ளினால் பால் தெறித்துக் கையில் பிசுபிசுக்குமே, நமக்குத் தெரியாத வாசனையா! மாங்காயைப் பிழிந்து எடுத்ததில்லை அதுவும், கிரேப்ஃப்ரூட், காரட் மாதிரிச் சாயல்களை வைத்து மாங்காய் என்று நம்ப வைக்கிற வேலை.

ஒரு குறையும் உண்டு. அவர் சென்ட் சிலது நம் ஊர் வெயிலில் மத்தியானத்துக்குள் காணாமல் போய்விடுகிறது.

சரி, உங்கள் குப்பிகளுக்கு வருகிறேன். நானும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோர் வாசனையைப் பிடிக்கிறேன் என்று புளிப்பு, புகை, ஈரப்பலகை, கட்டிப்பால் நாற்றத்துக்கு என்னென்னவோ என்று பதினெட்டுப் பொருளைக் கொட்டினேன். வாழ்நாள் முழுக்கப் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டிய என் அத்தை முகர்ந்துவிட்டு, "என்னடா இது, டயர் எரியுது?" என்றார். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்து வெட்டிவேரும் ஒரு சொட்டுப் புகைத்தைலமும் மட்டும் நின்றபோது மறுபடி நீட்டினேன். வெகுநேரம் மூக்கிலேயே வைத்திருந்தார். "பால் ஸ்டோர் இல்ல. மழை நாளுல லயத்து அடுப்படி." நான் தேடியது அது இல்லை, ஆனால் அதைத்தான் வைத்துக்கொண்டேன்.

நீங்கள் குப்பியில் கலப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். காகிதப் பட்டைகளில் ஒவ்வொரு எண்ணெயாகத் தொட்டு, இரண்டு பட்டையை மட்டும் விசிறி மாதிரி சேர்த்துப் பிடித்து மூக்குக்குக் கீழே ஆட்டுங்கள், ஜோடி மாற்றி மாற்றி. இரண்டிலும் இல்லாத மூன்றாவது ஒன்று எந்த ஜோடியில் எட்டிப் பார்க்கிறதோ அதை நோட்டில் குறித்துக்கொண்டு எனக்கும் எழுதுங்கள். விற்பதையும் விலை போடுவதையும் அப்புறம் பேசலாம்.