ஆதன் யாருக்கும் இல்லாத பெயரா?

கேள்வி: எங்களுக்கு மகன் பிறந்து ஐம்பது நாள் ஆகிறது. யாருக்கும் இல்லாத அபூர்வமான பெயராக இருக்க வேண்டும் என்று தேடி, நானும் மனைவியும் ‘ஆதன்’ என்று முடிவு செய்தோம். ஒரு பெயர்த் தளத்தில் இதற்கு ‘சூரியன்’ என்று அர்த்தம் போட்டிருக்கிறது. இன்னொன்றில் ‘முதல் மனிதன்’. மாமனாரோ தன்னுடைய பழைய அகராதியை எடுத்து வந்து, “அறிவில்லாதவன்னு போட்டிருக்கே மாப்பிள்ளை, பேரனுக்கு இதையா வைக்கப் போறீங்க?” என்கிறார். நியூமராலஜி பார்ப்பவர் ஆங்கிலத்தில் இன்னொரு ‘ஏ’ சேர்க்கச் சொல்கிறார். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? எத்தனை பேருக்கு இருக்கிறது? வைக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: வையுங்கள். ஆனால் நீங்கள் சொல்கிற காரணத்துக்காக வைக்காதீர்கள்.

யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று தேடியதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையில் சிக்கியிருப்பதோ ஒரு காலத்தில் தெருவுக்கு நான்கு பேருக்கு இருந்திருக்க வேண்டிய பெயர். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில், புள்ளி மயங்கியலில், ஒரு நூற்பா இருக்கிறது. “ஆதனும் பூதனும் கூறிய இயல்பொடு பெயரொற்று அகரம் துவரக் கெடுமே.” ஆதன் என்ற பெயரோடு தந்தை என்ற சொல் சேர்ந்தால் ‘ஆதன்தந்தை’ என்று நிற்காமல் தேய்ந்து ‘ஆந்தை’ ஆகிவிடும், பூதனோடு சேர்ந்தால் ‘பூந்தை’ ஆகும் என்பது அதன் பொருள். நினைத்துப் பாருங்கள். ஒரு பெயரைச் சொல்லிச் சொல்லி அது வாயிலேயே தேய்ந்து, அந்தத் தேய்வுக்கு இலக்கணக்காரர் தனியாக விதி எழுத வேண்டியிருந்தது. அபூர்வமான பெயருக்கு இந்தக் கதி வராது. ஆதனுக்கு அப்பா, பூதனுக்கு அப்பா என்று ஊரெல்லாம் கூப்பிட்டிருந்தால்தான் வரும்.

புறநானூற்றின் 71ஆம் பாட்டைப் பாருங்கள். பாடியவர் ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன். பகைவரை வெல்லாவிட்டால் இன்னின்னதை இழப்பேன் என்று வஞ்சினம் கூறும்போது, இழக்கக் கூடாத நண்பர்களை வரிசையாகச் சொல்கிறான். அந்த வரிசையில் மன்எயில் ஆந்தை இருக்கிறார், ஆதன் அழிசி இருக்கிறார். சொல்கிறவன் பெயரிலேயே பூதன் இருக்கிறான். இலக்கணம் சேர்த்துச் சொன்ன இரண்டு பெயரும் ஒரே பாட்டில், ஒரே நட்பு வட்டத்தில். அவர்களை அவன் “கண்போல் நண்பின் கேளிர்” என்கிறான். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே, என்னைக் கேட்டால் இந்த வரியிலிருந்து வந்தது என்று மகனிடம் சொல்லுங்கள்.

அரசர்களிடமும் இருந்தது. சேரர்களைப் பார்த்தால் உதியஞ்சேரலாதன், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், செல்வக்கடுங்கோ வாழியாதன் என்று வரிசை நீள்கிறது. கரூர்ப் பக்கம் புகளூர் ஆறுநாட்டார் மலையில், அமண (சமண) முனிவர் ஒருவருக்காகக் கல் படுக்கை வெட்டிக் கொடுத்ததைச் சொல்லும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு ‘கோ ஆதன் செல்லிரும்பொறை’, அவன் மகன், பேரன் என்று மூன்று தலைமுறையைக் கூறுகிறது.

ஆனாலும் கல்லை விட எனக்குப் பிடித்தது பானை ஓடுதான். 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி அறிக்கையில், எழுத்துள்ள 56 ஓடுகள் கிடைத்ததாகச் சொன்னார்கள். அதில் வந்த பெயர்களில் ‘குவிரன்’ ஒன்று, ‘ஆத’ ஒன்று. ‘ஆத’ என்பதை ஆதன் என்று முழுமையாக்கிப் படிக்கிறார்கள். 2023இல் அங்கே அருங்காட்சியகம் திறந்த பிறகு பேத்தியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் எழுத்துக் கீறிய ஓடுகள் இருந்தன. கூரான எதையோ வைத்துக் கீறியிருக்கிறார்கள். ஒரு ஓட்டில் கோடு நேராகப் போகாமல் கொஞ்சம் சறுக்கியிருந்தது. “இதை யார் எழுதினது தாத்தா?” என்று கேட்டாள். பானைக்குச் சொந்தக்காரராக இருக்கலாம் என்றேன். நம் வீட்டுப் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைக்கிறோமே, அதே வேலைதான் என்று சொன்னதும் அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மன்னன் பெயரைக் கல்லில் வெட்ட ஆள் இருப்பார்கள். தன் பானையில் தானே கீறிக்கொள்ள அந்த மனிதருக்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட சாதாரண ஒருவரிடமும் இருந்த பெயர் இது.

சரி, அகராதிக்கு வருவோம். பேரன் பெயருக்காக அகராதியைத் திறந்து பார்த்த உங்கள் மாமனார் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அவர் சொல்வது பொய்யும் இல்லை. ஆதன் என்பதற்கு அறிவில்லாதவன், குருடன் என்ற பொருள்கள் அகராதியில் இருக்கின்றன. பிற்கால நூல்களில் ‘ஆதர்’ என்றால் அறிவிலிகள்தான். ஆனால் அதே அகராதியில் ஆதனுக்கு உயிர் என்றும் பொருள் உண்டு. இன்னும் ஒன்று செய்யச் சொல்லுங்கள். அதே அகராதியில் ‘ஆந்தை’ என்று எடுத்துப் பார்க்கட்டும். இரவில் அலறும் பறவை என்று இருக்கும். அதனால் பிசிராந்தையாரைப் பறவை என்று யாராவது நினைத்தோமா? பாண்டிய நாட்டுப் பிசிர் என்ற ஊரில் இருந்துகொண்டு, முகம் பார்க்காமலேயே கோப்பெருஞ்சோழனோடு நட்பாக இருந்து, அவன் வடக்கிருந்தபோது, அதாவது உண்ணாமல் உயிர்விட வடக்கு நோக்கி அமர்ந்தபோது, தேடி வந்து சேர்ந்தவர் அவர். ஆதன் என்ற பெயரிலிருந்து பிறந்த பெயர்தான் அவருடையது. ஒரே ஒலியில் ஒரு சொல்லும் இருக்கும், ஒரு பெயரும் இருக்கும். சோழன் கிள்ளிவளவன் என்றால் யார் கிள்ளுவதை நினைக்கிறார்கள்?

பெயர்த் தளங்கள் சொல்வதை விட்டுவிடுங்கள். சூரியன் என்பது ஆதவன். அதையும் இதையும் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். முதல் மனிதன் என்பது ஆதாம். அது எபிரேயப் பெயர், அந்த மொழியில் மண்ணைக் குறிக்கும் சொல்லோடு உறவுள்ளது. நல்ல பெயர்தான், ஆனால் வேறு பெயர். மூன்று எழுத்து ஒத்துப்போனால் உறவு ஆகிவிடாது. பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு வரப்போகிற ஒன்றுக்கு, யார் எழுதினார், எதைப் பார்த்து எழுதினார் என்றே தெரியாத ஒரு வரியை நம்பி அர்த்தம் சொல்லாதீர்கள். இதை உங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. எனக்கு வருகிற பெயர்க் கேள்விகளில் பாதி இப்படித்தான் வருகிறது, வருத்தமாக இருக்கிறது.

எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற கேள்விக்கு யாராவது எண் சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் குழந்தைப் பெயர்ப் பட்டியலை அரசே ஆண்டுதோறும் வெளியிடுகிறது. நம் நாட்டில் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. கீழடிச் செய்தி வந்த பிறகு இந்தப் பெயர் மறுபடி காதில் விழுகிறது, அவ்வளவு சொல்லலாம். மகன் வகுப்பில் இன்னொரு ஆதன் வந்து உட்கார்ந்தால் சந்தோஷப்படுங்கள்.

இனி பெங்களூரு விஷயம். இதில்தான் நீங்கள் உண்மையாகக் கவனமாக இருக்க வேண்டும். இங்கே பிறப்புச் சான்றிதழில் பெயர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஏறும். தமிழில் ஒரே ‘த’. கன்னடத்தில் அதற்கு நான்கு எழுத்து. தேவனஹள்ளிக்கு எழுதும் ‘த’தான் நம் ஆதனுக்கு உரியது. ஆங்கிலத்தில் ‘தனலட்சுமி’க்குத் தொடங்குகிற ‘டி’, ‘ஹெச்’ என்ற இரண்டெழுத்தைப் போட்டால், எழுதுகிறவர் தார்வாடின் அழுத்தமான முதலெழுத்தைப் போட்டுவிடுவார். ‘கீதா’வில் வரும் ‘டீ’, ‘ஹெச்’ (th) என்ற இரண்டெழுத்தைப் போட்டால் துமகூருவின் முதலெழுத்து வந்து, ‘அவன்’ என்று கன்னடத்தில் பொருள்படும் ‘ஆத’ போல ஆகிவிடும். சரியான எழுத்தைப் போட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் காதில் ‘ஆதனு’, அதாவது ‘ஆனான்’ என்று விழும். அது நன்றாகவே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ராஜனாதனு, கவியாதனு என்று அவர்கள் சொல்லும் சொல் அது.

ஆகவே வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். கன்னடம் எழுதத் தெரிந்தவரிடம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, அதைக் காட்டி ஏற்றச் சொல்லுங்கள். என் அக்கா மகன் எழிலனுக்கு அப்படிச் செய்யத் தவறிவிட்டோம். பள்ளியில் முதல் நாள் டீச்சர் ‘எஜிலன்’ என்று மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் அவன் அழுததை இன்னும் மறக்கவில்லை. ஆதனில் ழகரம் இல்லை, அந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை. அந்த இன்னொரு ‘ஏ’வைச் சேர்த்து நீங்களாக ஒரு தொல்லையை உண்டாக்காதீர்கள். கூட்டுத்தொகைக்காக ஒரு எழுத்தைச் செருகினால், பார்க்கிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் படிப்பார்கள். பாஸ்போர்ட் வரைக்கும் அதுவே தொடரும்.

அவசரமும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், நீங்கள் செய்திருப்பீர்கள். பெயரை அப்புறம் சேர்க்கலாம். பதிவு செய்த நாளிலிருந்து ஓராண்டு வரை கட்டணம் இல்லை. அதற்குப் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க இடம் உண்டு. எனவே மாமனார் மனம் ஒப்பும் வரை காத்திருங்கள். ஒரு நாள் அவரை அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஐங்குறுநூற்றை எடுத்து முதல் பத்துப் பாட்டை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். ஓரம்போகியார் பாடிய வேட்கைப் பத்து. பத்துப் பாட்டும் “வாழி ஆதன் வாழி அவினி” என்றுதான் தொடங்கும். அந்தப் பெயருடைய தலைவனை வாழ்த்திவிட்டு, ஒரு பெண் ஊருக்காக வேண்டிக்கொள்கிறாள். நெல் பல பொலிக, பொன் பெரிது சிறக்க. பால் பல ஊறுக. பசி இல்லாகுக, பிணி சேண் நீங்குக. மாரி வாய்க்க.

பெயர் சூட்டும் அன்று பிள்ளையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்வீர்கள் அல்லவா? அதை உங்கள் மாமனாரே சொல்லட்டும். வெறும் பெயராக வேண்டாம், அந்தப் பாட்டில் இருப்பது போலவே சொல்லட்டும்: வாழி ஆதன்.